வாசித்ததாகக் கருதப்படும்

நிற்காது சார். ஸ்டேஷன் இருக்கிறது, பெயர்ப் பலகை இருக்கிறது, பச்சைக் கொடியோடு ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிறார், தண்ணீர்க் குழாய் இருக்கிறது, சில நாள் அதில் தண்ணீர்கூட வரும். சென்னை வண்டி மட்டும் நிற்காது. அதனால்தான் சென்னைக்குப் போகிற நாம் இருவரும் சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இந்தப் பஸ்ஸில் போகிறோம். ஜங்ஷனில் ஏறி, வந்த வழியே திரும்பி, எங்கள் வேலங்குறிச்சி பிளாட்பாரத்தை ஜன்னல் வழியாக ஒரு தரம் சேவித்துவிட்டுப் போகலாம்.

பையை இப்படிக் கொடுங்கள், காலடியில் கிடக்கட்டும். பேங்க் ஆடிட்டுக்கு வந்தீர்களா? அதனால்தான் இங்கே வண்டி நிற்குமா என்று கேட்டீர்கள். உள்ளூர்க்காரன் எவனும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான். கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன் என்று பயம்.

என் பெயர் சோணைமுத்து. மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிற வேலை. ரிட்டயர் ஆகிவிட்டேன். ஒரு மீட்டரைப் பார்த்த மாத்திரத்தில் அது ஓடுகிறதா, ஓடுகிற மாதிரி பாவனை பண்ணுகிறதா என்று சொல்லிவிடுவேன். வீட்டுக்காரர் கேட்காமலேயே மோர் கொண்டுவந்து கொடுத்தால் மீட்டரில் ஏதோ கோளாறு பண்ணியிருக்கிறார் என்று அர்த்தம். இந்த அனுபவம் வீண்போகவில்லை. பிற்பாடு நாடாளுமன்றத்துக்கு உபயோகமாயிற்று.

முன்னால் பாருங்கள், பெண்கள் சீட்டில், மடியில் தூக்குச்சட்டி வைத்திருக்கிறாளே, ஊதா ரவிக்கை. என் சம்சாரம் வள்ளிமயில். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அதற்காக விரோதம் என்று நினைத்துவிடாதீர்கள். சொல்ல வேண்டியதை யாரிடமாவது சொல்லிவிடுவாள், அது எனக்கு வந்து சேர்ந்துவிடும். சற்று முன் கண்டக்டர் வந்து, "அய்யா, பிரஷர் மாத்திரை போட்டாச்சான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க" என்றாரே, அப்படித்தான். சபாநாயகர் மூலமாகப் பேசிக்கொள்வது மாதிரி. மரபுப்படி அதுதான் சரி.

எங்கள் ஒரே மகள் பூங்கோதையை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். தாம்பரத்தில். தலைப்பிரசவம். தாய்வீட்டில் நடக்க வேண்டியது. வள்ளிமயில் பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து, பெருங்காயம், சுக்கு, பனங்கருப்பட்டி எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். தொட்டில் கட்ட உத்தரத்தில் நான்தான் கொக்கி அடித்தேன். கொக்கி அப்படியே இருக்கிறது. ஏன் அங்கே நடக்கிறது, ஏன் இங்கே நடக்கவில்லை என்று கேட்டால் அதற்கும் ஒரே பதில்தான். எங்கள் எம்.பி.

தென்னவராயன் என்று பெயர். பேப்பரில் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால்தான் எனக்கு வேலையே இல்லையே. தேர்தலின்போது திறந்த ஜீப்பில் ரயில்வே கேட்டுக்கு வந்தார். கேட் அடைத்திருந்தது. அந்த நேரம் பார்த்துச் சென்னை வண்டி எங்களுக்கு முன்னால் தடதடவென்று ஓடுகிறது. மைக்கைப் பிடித்தார். "இந்த ரயில் உங்களை மதிக்காமல் ஓடுகிறது! என்னை அனுப்புங்கள்! நாடாளுமன்றத்தில் என் முதல் குரல் இதை நிறுத்துகிற குரலாக இருக்கும்!" கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன் சார். மறைக்க வேண்டியதில்லை. அகலப்பாதை போட்ட நாளிலிருந்து நிற்காத வண்டி. மகள் வேறு கல்யாணமாகித் தாம்பரம் போயிருந்தாள்.

ஜெயித்தார். போனார். முதல் குரல் வருமென்று டி.வி. முன்னால் உட்கார்ந்தேன்.

பூங்கோதைதான் போனில் எல்லாம் வைத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு எம்.பி.க்கும் ஒரு பக்கம் இருக்கிறது சார், தெரியுமா? எத்தனை நாள் வந்தார், எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை விவாதத்தில் பேசினார். பக்கத்திலேயே மாநில சராசரி, தேசிய சராசரி. நம் ஆள் வருகை அபாரம். அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. கேட்காமல் வந்த மோர் மாதிரி. கையெழுத்துப் போட்டுவிட்டு கேன்டீனுக்குப் போனாலும் வருகைதானே? விவாதம் என்கிற கட்டத்தில் பூஜ்யம். கேள்விகள் இருந்தன. எல்லாம் எழுத்து மூலம் கேட்டு எழுத்து மூலம் பதில் வாங்குகிற ரகம். ஒரு கேள்வி, குங்குமப்பூ சாகுபடியை ஊக்குவிக்க அரசு எடுத்த நடவடிக்கை என்ன. எங்கள் தொகுதியில் சார்! கருவேலமும் மிளகாயும் விளைகிற ஊரில்! குங்குமப்பூவை நாங்கள் கண்ணால் பார்ப்பதே பிள்ளைத்தாய்ச்சிக்குப் பாலில் போடும்போதுதான்.

வீட்டில் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தேன். கூட்டத்தொடர் நடக்கும்போது சீரியல் கிடையாது. வள்ளிமயில் முதலில் கொஞ்சம் முனகினாள். "அங்கயும் ஒரே கூச்சல்தான். எஞ்சீரியல்ல அழுகையாச்சும் இருக்கும்" என்றாள். பிறகு பழகிவிட்டது. நானில்லாத நேரத்தில் அவளையே பார்க்கச் சொல்லிவிட்டுப் போவேன். "பேசினாரா?" என்று கேட்டால், "ஒரு தடவ கொட்டாவி விட்டாரு, கணக்குல வருமா?" என்பாள்.

அப்போதுதான் அந்த விஷயத்தைக் கண்டுபிடித்தேன். இதை நீங்களும் இனிமேல் கவனியுங்கள். யார் பேச எழுந்தாலும், அவருக்குப் பின்வரிசையில் நம் ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார். கேமரா பேசுகிறவரைக் காட்டும். அவர் தோளுக்கு மேலே நம் ஆளின் முகம். வங்காளத்து அம்மா ஒருவர் சணல் விலையைப் பற்றி அவர் பாஷையில் பொரிந்து தள்ளினார். பின்னாலிருந்து நம் ஆள் தலையை ஆட்டினார் பாருங்கள், சணலிலேயே பிறந்து சணலிலேயே வளர்ந்த மாதிரி. மறுநாள் காலையில் வட்டச் செயலாளர் சேதுராசு, அவருடைய கட்சி, அந்தப் படத்தை வெட்டி ஊருக்கெல்லாம் அனுப்பினான். அம்மாவைப் பாதி வெட்டிவிட்டான். 'தலைநகரில் அதிரும் நம் தொகுதி.'

விடுவேனா? நானும் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். வேலங்குறிச்சி நாடாளுமன்றக் கண்காணிப்பு மன்றம். தினமும் சாயங்காலம் அறிக்கை. 'இன்று நமது உறுப்பினர்: வந்தார். அமர்ந்தார். இடம் மாறி அமர்ந்தார். எழவில்லை.' ஊரே சேர்ந்தது. பிறகு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். வேலைப்பளு. கடைசியில் குழுவில் தவறாமல் படிக்கிறவன் சேதுராசு ஒருவன்தான். எதிரியாக இருந்தாலும் அந்த நாணயம் அவனிடம் இருந்தது. பூங்கோதையும் இருந்தாள், ஆனால் சத்தத்தை அடைத்து வைத்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது. இந்த வருஷம் ஒருநாள் போனில் சொன்னாள், "அப்பா, எனக்கு எத்தனையாவது மாசம்னு ஒனக்குத் தெரியுமா? அந்தாளு எத்தன கேள்வி கேட்டாருன்னு மட்டும் தெரியுது." தெரியும் சார். தேசிய சராசரியோடு சேர்த்துச் சொல்ல வராது, அவ்வளவுதான்.

போன வருஷம் ஒருநாள் மத்தியானம், அவசரப் பிரச்சினைகளை எழுப்புகிற பட்டியலில் நம் ஆள் பெயர் வந்துவிட்டது. பொருள்: வேலங்குறிச்சியில் சென்னை விரைவு வண்டிக்கு நிறுத்தம். வெற்றிலை பாக்குக் கடைக்காரர், மாவு மில்காரர், தெருவில் போன தபால்காரர், எல்லோரையும் கூப்பிட்டு வீட்டில் உட்கார வைத்தேன். வள்ளிமயில் அத்தனை பேருக்கும் காப்பி போட்டாள். ஒவ்வொரு பெயராக வருகிறது. எங்கள் பெயர் நெருங்குகிறது. சபையில் கூச்சல். நாற்காலியில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமில்லை, மீதி உறுப்பினர்கள் எழுதிக் கொண்டுவந்ததை மேசைமேல் வைத்துவிடலாம், வாசித்ததாகக் கருதப்படும் என்றார்.

வைத்துவிட்டார்கள் சார். அவ்வளவு பேரும். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். முதல் குரல்! தொண்டையைக்கூடச் செருமவில்லை. நான் ஒரு வீட்டு மீட்டரைப் பார்க்காமல் 'பார்த்ததாகக் கருதப்படும்' என்று எழுதியிருந்தால் என் பென்ஷன் என்ன ஆகியிருக்கும்? தபால்காரர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "அப்ப நாங்க வந்ததாக் கருதிக்கங்க அண்ணே" என்றார். அவர் இன்றுவரை என் வீட்டுத் தபாலைத் திண்ணைக் கல்லுக்கு அடியில்தான் போட்டுவிட்டுப் போகிறார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த கூட்டத்தொடருக்குள் ஆர்டர் வந்துவிட்டது சார். வேலங்குறிச்சியில் வண்டி நிற்கும்.

எப்படி வந்தது? அதைத்தான் நானும் கேட்கிறேன். கேட்கவில்லை, எழவில்லை, ஒரு சொல் பதிவாகவில்லை. அந்தக் காகிதத்துக்குப் பதிலாம். அவர் நேரில் வேறு போய் அதிகாரிகளைப் பார்த்தாராம், நாலைந்து தடவை நடந்தாராம். சேதுராசு சொன்னான். அதற்குப் பதிவு இருக்கிறதா? எந்தப் பக்கத்தில் இருக்கிறது? தனியாகப் போய்க் கெஞ்சி வாங்குவது ஜனநாயகமா? அப்படியானால் நான் இத்தனை நாள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

கொடியசைக்கிற விழா. எஞ்சினுக்கு வாழைமரம், மாலை. மேளம். தென்னவராயன் பச்சைக் கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், கொடிக்குப் பின்னால் ஏழெட்டு முகங்கள். தொழிலைக் கற்றுக் கொடுத்துவிட்டார். நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன், பிளாட்பாரத்தில் கால் வைக்கவில்லை. சேதுராசு பூந்திப் பொட்டலத்தோடு தேடிக்கொண்டு வந்துவிட்டான். "என்னண்ணே, பேசாமலே நிப்பாட்டிட்டாரு பாத்தீகளா! இன்னைக்கு அறிக்கையில என்ன எழுதுவீக?" என்றான். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்கு ஞாபகமிருக்கிறது.

வீட்டுக்குப் போய் ஆர்டரைப் படித்தேன். முழுசாகப் படித்தேன். ஊரில் வேறு எவனும் படிக்கவில்லை. பரிசோதனை அடிப்படையில், ஆறு மாதத்துக்கு. பார்த்தீர்களா? இங்கே ஏறுகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம். பரிசோதனையா? நாமென்ன எலியா?

அன்று ராத்திரியே அறிக்கை விட்டேன். 'நாங்கள் சோதனை எலிகள் அல்ல. நிரந்தர ஆணை வரும்வரை வேலங்குறிச்சியில் எவரும் ஏற வேண்டாம், இறங்க வேண்டாம்.' நோட்டீசாகவும் அடித்து ஒட்டினேன். ஊர் கட்டுப்பட்டது சார். அதுதான் எனக்கே ஆச்சரியம். ஒரு ஆள் ஏறவில்லை. எல்லோரும் பழையபடி பஸ் பிடித்து ஜங்ஷனுக்குப் போய்த்தான் ஏறினார்கள். ஜங்ஷனில்தான் வண்டி காலியாகக் கிளம்பும், அங்கே போனால்தான் உட்கார இடம் கிடைக்கும், அதற்காகத்தான் போனார்கள் என்று சேதுராசு சொல்லிக்கொண்டு திரிந்தான். கேட்டால் அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். கொள்கைக்காகச் செய்கிறவன் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டான்.

ஸ்டேஷன் மாஸ்டர், பாவம், ஒரிசாக்காரர், தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார், வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், ஏற வேண்டாம். டிக்கெட் மட்டும் இங்கே எடுங்க. ஜங்ஷன்லயே ஏறுங்க. கணக்கு காட்டணும் சார், இல்லாட்டி எடுத்துருவாங்க" என்றார். உட்கார வைத்துப் புரிய வைத்தேன். இங்கே எடுக்கிற ஒவ்வொரு டிக்கெட்டும் தென்னவராயனுக்குப் போடுகிற ஓட்டு என்று. காப்பிகூடச் சாப்பிடாமல் போய்விட்டார்.

இதற்கு நடுவில் பூங்கோதைக்கு வளைகாப்பு வந்தது.

சீர்த்தட்டு, பலகாரம், வளையல் பெட்டி, ஐந்து வகைச் சாதத்துக்குப் பாத்திரம். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஜங்ஷன் போனோம். எங்கள் வீட்டிலிருந்து எங்கள் ஸ்டேஷன் கூப்பிடு தூரம். வள்ளிமயில் வாசலில் நின்று அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள், இந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்போது பேசிக்கொண்டுதான் இருந்தாள், ஆனாலும் சொல்லவில்லை. நோட்டீஸ் ஒட்டினவன் வீட்டிலேயே மீறினால் எப்படி சார்?

ஜங்ஷனில் ஏறி உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் வண்டி வேகம் குறைகிறது. நிற்கிறது. "ஏங்க, நம்ம ஊரு" என்கிறாள். எனக்குத் தெரியாதா? ஒரு நிமிஷம்தான் நிற்கும். பிளாட்பாரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர். சற்றுத் தள்ளிச் சேதுராசு, கையில் போனோடு. எவனாவது ஏறினால் படம் பிடிக்கத் தினம் வந்து நிற்கிறான்! ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறான். நான் சட்டென்று ஷட்டரை இறக்கிவிட்டேன். இருட்டில் உட்கார்ந்திருந்தோம். எதிர் சீட்டுக்காரர், "எந்த ஊருங்க இது?" என்றார். "தெரியலீங்க" என்றேன். வள்ளிமயில் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வளைகாப்பு நன்றாகத்தான் நடந்தது. முழங்கை வரைக்கும் வளையல். மறுநாள் பூங்கோதையை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். சம்பந்தி மெதுவாக ஆரம்பித்தார். வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள்.

"டாக்டரம்மா ரயில்ல போகலாம்னுட்டாங்க சம்பந்தி. ஜங்ஷன்ல எறங்கி அந்தக் குண்டும் குழியுமான ரோட்ல பஸ்ஸோ காரோ கூடவே கூடாதுன்னுட்டாங்க. அதான் யோசிச்சேன். ஆனா பேப்பர்ல போட்டிருந்தானே, இப்ப உங்க ஊர்லயே நிக்குதாமே?"

நான் என்ன சொல்வது? உண்மையைத்தானே சொல்ல முடியும். "நிக்குது. ஆனா அத நிக்கிறதா எடுத்துக்க முடியாது" என்றேன்.

"அப்படின்னா?"

"அது பரிசோதனை. சட்டப்படி பாத்தா…"

பூங்கோதை குறுக்கே வந்தாள். "சட்டமெல்லாம் வேணாம்ப்பா. வண்டி நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும்மா."

"எறங்கலாமா, முடியாதா?"

"நாம எறங்க மாட்டோம்மா."

சம்பந்தி தொண்டையைச் செருமினார். "அப்ப பொண்ணு இங்கயே இருக்கட்டும்" என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் பிடிவாதக்காரர் சார். ஒரு கருத்தை விளக்கிச் சொல்வதற்குள் முடிவெடுத்துவிடுகிறார். பூங்கோதை எழுந்து உள்ளே போனாள். வளையல் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பினோம். காலையில் வண்டி வேலங்குறிச்சியில் நின்றது. வழக்கம்போல் ஷட்டரில் கை வைத்தேன். பக்கத்தில் ஆளில்லை. எட்டிப் பார்த்தால் வள்ளிமயில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிளாட்பாரத்தில் இறங்கி நடந்துகொண்டிருக்கிறாள். மொத்த வண்டியிலும் இறங்கினது அவள் ஒருத்தி. "ஏய்" என்கிறேன், திரும்பவில்லை. சேதுராசு ஓடி வருகிறான். வண்டி கிளம்பிவிட்டது. நான் ஜங்ஷன் போய், பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஏறி, வீடு வந்து சேர்ந்தபோது அவள் குளித்து, சமைத்து, சாப்பிட்டு, டி.வி.யில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நாடாளுமன்றம் நடந்துகொண்டிருந்தது சார்.

படம் என் குழுவிலேயே வந்தது. என் குழுவில்! தலைமுடியெல்லாம் பறக்க, தோளில் பையோடு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் அவளை அப்படிப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. கீழே எழுதியிருந்தான்: 'எம்.பி. அவர்களின் முயற்சியால் பயன்பெற்ற தாய்மார்.' பின்னால் பெட்டியில், கண்ணாடிக்கு உள்ளே, மங்கலாக ஒரு முகம். நான்தான். அவர் பாணியில் சொன்னால், பின்வரிசை.

அன்றிலிருந்துதான் பேச்சில்லை.

அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஆறு மாதம் முடிந்தது. போதிய பயணிகள் இல்லாததால் நிறுத்தம் விலக்கிக்கொள்ளப்படுகிறது. ஸ்டேஷன் வாசலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள், என் நோட்டீசுக்குப் பக்கத்திலேயே. நான் சொன்னேனா இல்லையா? பரிசோதனை என்று அன்றைக்கே சொன்னேன். ஊரில் ஒருவன் வந்து "அண்ணே, நீங்க சொன்னபடியே ஆச்சு" என்று சொல்ல வேண்டுமே? சொல்லவில்லை. மாவு மில்காரர் என்னைப் பார்த்தால் மெஷினைப் போட்டுவிடுகிறார்.

ஆனால் நான் ஓயவில்லை. அன்றைக்கே புதுத் தலைப்பு: 'கிடைத்த நிறுத்தத்தைப் பறிகொடுத்த எம்.பி. எங்கே?' கேட்க வேண்டாமா சார்? கொண்டுவந்தவர் காப்பாற்ற வேண்டாமா? இந்தத் தடவை மேசையில் வைக்கிற வேலையெல்லாம் கிடையாது, வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்று தினம் எழுதுகிறேன். குழுவில் இப்போது நானும் சேதுராசுவும்தான். அவன் ஒரு நாள்கூடப் படிக்காமல் விட்டதில்லை. போன வாரம் பதில்கூடப் போட்டான். 'அண்ணே, நீங்க ஒரு டிக்கெட் எடுத்திருக்கலாம்.' அரசியல்வாதி புத்தி. எதையும் பணத்தில்தான் பார்ப்பான்.

இன்றைக்குப் பட்டியலில் நம் ஆள் பெயர் இருக்கிறது. சாயங்காலம் கூடுதல் நேரம் கொடுத்திருக்கிறார்கள். இதோ, போனில் ஓடுகிறது பாருங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும். அந்த மூலையில், வெள்ளைச் சட்டை, தெரிகிறதா? பேசுகிறவருக்குப் பின்னால். வந்துவிட்டார்! இடத்தை மட்டும் விடமாட்டார்.

என்ன, முன்னால் ஏதோ சத்தம்? வள்ளிமயில் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறாளே. பஸ் ஓடும்போது எழுந்து நிற்கக்கூடாது என்று எத்தனை தடவை… பக்கத்துப் பெண்கள் எல்லாம் அவள் கையைப் பிடிக்கிறார்கள். சண்டையா?

இருங்கள் சார், ஒரு நிமிஷம். பெயர் கூப்பிடுகிறார்கள். எழுகிறார்! சார், எழுகிறார், பாருங்கள். காகிதத்தை எடுத்து… என்ன கண்டக்டர்? கொஞ்சம் இருப்பா, பேசப்போறாரு.

"அய்யா, அம்மா சொல்லச் சொன்னாங்க. பேத்தி பொறந்திருக்காம். தாயும் புள்ளயும் நல்லாருக்காங்களாம்."

ஓ.

சரி. சரிப்பா. நல்லது. சொல்லிவிடு, எனக்குத் தெரிந்துவிட்டதென்று. எத்தனை எடை என்று கேள். வேண்டாம், வேண்டாம், விடு. யார் ஜாடை என்று கேள். அதுவும் இப்போது எப்படித் தெரியும்? நல்லது என்று சொல்.

போன் நின்றுவிட்டது சார். சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த ஜங்ஷன் கேட்டுப் பக்கம் வந்தாலே சிக்னல் போய்விடும். பேசினாரா, மேசையில் வைத்துவிட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. எழுந்ததை நீங்கள் பார்த்தீர்கள்தானே? பார்த்தீர்களா? நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

தூக்குச்சட்டியைத் திறந்துவிட்டாள். அதில் ரவாலாடு இருக்கிறது. நெய் வாசனை இங்கே வரை வருகிறது பாருங்கள். சம்பந்தி வீட்டுக்கென்று ராத்திரி உட்கார்ந்து பிடித்தாள். பஸ்ஸுக்கே கொடுக்கிறாளா? டிரைவருக்கு. அந்தக் கோழிக்காரருக்கு. கைமாறிக் கைமாறி வருகிறது. நம் வரிசைக்கு வருவதற்குள் தீர்ந்துவிடும் போலிருக்கிறதே.

இல்லை, கண்டக்டர் ஒன்று கொண்டுவருகிறார்.

"சாருக்குக் குடுக்கச் சொன்னாங்க."

உங்களுக்குத்தான் சார். வாங்கிக்கொள்ளுங்கள். ஜங்ஷனிலிருந்து இவ்வளவு நேரமாக என் பேச்சைக் கேட்டதற்கு… இல்லையில்லை, இன்னும் ஜங்ஷனே வரவில்லை, எனக்கு என்னவோ குழப்பம். சாப்பிடுங்கள். பிய்க்காதீர்கள், எனக்கு வேண்டாம், முழுசாகச் சாப்பிடுங்கள். உங்களுக்கென்று கொடுத்தனுப்பியது. நான் சாப்பிட்டதாகக் கருதிக்கொள்கிறேன்.

வண்டியில் ஜன்னல் சீட்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் வரும்போது ஷட்டரைக்கூட இறக்க வேண்டியதில்லை. இப்போது போகிற வேகத்துக்கு யார் முகமும் யாருக்கும் தெரியாது.